முன்னவனும் பின்னவனும்

என் வயதுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். வீட்டில் பேச்செடுத்தால் மகள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "உங்க காலத்துல எல்லார் வூட்டுலயும் ஒரு பேய் இருந்துருக்கும்மா" என்கிறாள். பேயா என்று எனக்கே தெரியாது. நடந்தது பட்டப்பகலில். பார்த்தது நான் மட்டும் இல்லை. புளி உடைக்க உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

எண்பதுகள் முடியப் போகிற சமயம். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம். வாசலில் நின்றால் சித்தேரி மலை தெரியும். ஊரில் பாதிக்கு மேல் எங்களைப் போல வேதக்காரக் குடும்பங்கள். எல்லாருக்கும் காட்டு வேலைதான். மாசி பிறந்தால் புளி. மரத்திலிருந்து உலுக்கி, மூட்டை கட்டி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த களத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உருவி, கொட்டையைத் தட்டி எடுக்க வேண்டும். அந்த வாசனையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விரலிடுக்கெல்லாம் பிசுபிசுக்கும். சோறு பிசைந்தாலும் புளி, ஜெபமாலை உருட்டினாலும் புளி. படுத்தால் பல் தானாகக் கூசும்.

அந்த வருஷம் புளியும் தவக்காலமும் சேர்ந்து வந்தன. சாம்பல் புதன் கழிந்த வாரம் மாமா வந்து இறங்கினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தார். இலங்கைக்குப் போன பட்டாளத்தோடு போய், அங்கிருந்து ஏதோ ஒரு ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே கொஞ்ச காலம் வைத்திருந்து, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். எங்களை விட்டால் அவருக்கு வேறு வீடு இல்லை. பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று, வெள்ளை எனாமல் குவளை, பச்சை நிறத்திலேயே ஒரு கொசுவலை, எங்களுக்காக கேன்டீனில் வாங்கிய பால்கோவா மாதிரி கெட்டியான டப்பாப் பால். பெட்டிக்கு அடியில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம்.

உடம்பில் காயம் எதுவும் இல்லை. கை கால் ஒழுங்காக இருந்தது. ஆனால் அவர் எதிலும் முதுகைச் சாய்க்க மாட்டார். நாற்காலி போட்டால் நுனியில் உட்கார்வார். படுத்தால் குப்புறத்தான். நடக்கும்போது முன்பக்கம் கொஞ்சம் குனிந்து, இரண்டு கைகளையும் பின்னால் கோர்த்துக்கொண்டு நடப்பார். ஊரில் அதைப் பார்த்துவிட்டு, "ஆபீசராட்டம் நடக்கறாரு பாரு" என்று பெருமையாகப் பேசினார்கள்.

அப்பாவுக்கு மட்டும் சந்தேகம். "முதுகுல ஏதாச்சும் அடிபட்டுச்சா மாப்ள?"

"இல்லீங்க மாமா. ஒண்ணுமில்லீங்க."

"அப்ப ஏன் சாய மாட்டேங்கற?"

மாமா களத்துப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

அந்தக் களத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, வாயை மூடிக்கொண்டு வேலை செய்யத் தெரியாதவள். மாமா ஒரு ஓரமாகக் குத்துக்கல்லில் உட்கார்ந்து மடியில் அந்தப் புத்தகத்தை வைத்திருப்பதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள்.

"ஏம்பா, பொழுதன்னிக்கும் அதையே பாத்துக்கிட்டிருக்கறியே, அதுல என்னாதான் எழுதியிருக்குது? எங்களுக்கும் சொல்லேன். கையிக்குத்தான் வேலை, காது சும்மாதான இருக்குது."

"இது சண்டைக் கதைக்கா. உங்களுக்குப் புடிக்காது."

"நாங்க போடாத சண்டையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தார்.

அட்டை பாதி கிழிந்திருந்தது. மிச்சம் இருந்த பாதியில் ஒரு இரும்பு மனிதன் நடந்துகொண்டிருந்தான். தலைக்கவசத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. அவன் தோளைப் பின்னாலிருந்து ஒரு இரும்புக் கை பிடித்திருந்தது. அந்தக் கைக்கு உரியவன் கிழிந்துபோன பாதியோடு போய்விட்டான்.

மாமா சொன்ன கதை இதுதான். மனிதர்கள் பூமியை விட்டுப் போய் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் அடித்துக்கொள்கிற காலம். அந்தச் சண்டைக்கென்றே ஆட்களைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். மீசை முளைக்கிற வயதில் இரும்புச் சட்டைக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அதைக் கழற்றுவதே இல்லை. சாப்பாடு ஊசி வழியாக ஏறும். பயம் வந்தால் சட்டையே தெரிந்துகொண்டு அதற்கும் ஒரு ஊசி போடும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஒன்று உண்டு. உள்ளே இருக்கிறவன் செத்துப்போனாலும் சட்டை நிற்காது. கொடுத்த உத்தரவு முடியும்வரை நடக்கும், சுடும். பேச்சுக் கொடுத்தால் செத்தவன் குரலிலேயே, அவன் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைகளை எடுத்துப் பதில் சொல்லும். அதனால் அந்தப் படையில் பக்கத்தில் வருகிறவன் உயிரோடு இருக்கிறானா என்பது யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட படையில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். இங்கிலீஷில் அவர்களுக்கு ஏதோ பெயர் இருந்திருக்கும். மாமா முன்னவன், பின்னவன் என்று வைத்தார். சாம்பல் மூடிய ஒரு உலகத்தில், சூரியன் மறையவே மறையாத வெளியில், ஒரு மலையைப் பார்த்து இரண்டு பேரும் நடக்கிறார்கள். மலை உச்சியில் விளக்கு ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு போட்ட கப்பல் எப்போதோ வெடித்துவிட்டது. அது அவர்களுக்குத் தெரியாது.

கைகள் புளியில் இருந்தபடியே பெண்கள் கேள்வி கேட்டார்கள்.

"ஊசியிலயே சோறா? நாக்குல ஒண்ணும் படாதா?"

"படாதுக்கா."

"அய்யோ கருமமே. தொட்டியில வளத்தாங்கன்னு சொன்னியே, பாலு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல."

பெரியம்மா கையிலிருந்த புளியைக் கீழே போட்டாள். "ஒருத்தனுக்கும் ஆத்தா இல்லாம ஒரு கதையா? எவன்டா அவன் இதை எழுதுனவன்?"

இருந்தாலும் மறுநாள் மத்தியானம் எல்லாரும் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வழக்கமாக வராதவர்களும் வந்தார்கள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஓட்டம்தான். அந்த இரும்புக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவன் மேல் சந்தேகம் வந்தால், "நேத்து கனவுல என்ன பாத்த?" என்று கேட்க வேண்டும். சட்டைக்கு எல்லாம் தெரியும், கனவு மட்டும் தெரியாது. பதில் வராவிட்டால் அவன் செத்தவன். நாங்கள் கோயில் மைதானத்தில் இதையே விளையாடினோம். எங்களுக்குள் சாட்பூட்திரி போட்டுச் செத்தவனைத் தேர்ந்தெடுப்போம். அவன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லலாம், கனவைக் கேட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை என் தங்கை அப்படி வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தபோது, விளையாட்டு என்று தெரிந்தும் நான் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

கதை பாதிக்கு வந்தபோது மாமாவின் குரல் மாறியது.

முன்னவன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். பின்னவன் பின்னால் வருகிறான். கேட்டால் பதில் சொல்கிறான். திடீரென்று முன்னவனுக்குப் புரியாத எதையோ சொல்ல ஆரம்பிக்கிறான். இந்த இடத்தில் மாமா புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, நாக்குத் தடித்தவர் மாதிரி, மூச்சு விடாமல் சொன்னார்:

"அவ்வெம்மகித்கண்டோய்து."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "என்னாப்பா அது?" என்றாள் பெரியம்மா.

"தெரியாதுக்கா. அவனுக்கும் தெரியல."

மறுநாளும் கதை அந்த இடத்துக்கு வந்தது. அதற்கு மறுநாளும். முன்னவனும் பின்னவனும் எவ்வளவு நடந்தாலும் மலை கிட்டே வரவில்லை. தினமும் அந்தச் சொல் மட்டும் வந்தது. ஒரு தடவைக்குப் பல தடவையாக, பாடம் மறந்துவிடுமோ என்று பயப்படுகிற பிள்ளை ஒப்பிப்பதைப் போல மாமா அதைச் சொன்னார். சொல்லும்போது நெற்றியில் வியர்வை கோர்க்கும். கைகள் தாமாகப் பின்னால் போய்க் கோர்த்துக்கொள்ளும். புத்தகம் மடியிலிருந்து நழுவி மண்ணில் விழும். புளிக்கொட்டை தட்டுகிற சத்தம் நின்றுபோய், வேப்பமரத்தில் அணில் கத்துவது மட்டும் கேட்கும். நடு மத்தியானத்தில் அந்தக் களம் அவ்வளவு அமைதியாகி நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

நாங்கள் அந்தச் சொல்லையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் தொடங்குவதற்கு முன்னால், கோயில் மைதானத்தில் வரிசையாக நடந்தபடி எல்லாரும் ஒரே குரலில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தோம். உபதேசியார் மணி அடிக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உபதேசியார் நல்ல மனிதர். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை வருகிற ஊரில் பூசை ஒன்று தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார். என் முதல் நன்மைக்கு ஜெபமெல்லாம் சொல்லிக் கொடுத்தவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தாங்க பாப்பா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். சொன்னேன்.

மறுநாள் களத்துக்கு வந்து வேலிப் பக்கம் நின்று கேட்டார். மாமாவின் குரல் மாறியதையும் கேட்டார். சாயங்காலம் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அது தமிழு இல்ல, இங்கிலீசு இல்ல, லத்தீன் இல்ல. பேசறது அவரு இல்ல. அந்தப் பொஸ்தவத்து அட்டையப் பாத்தீங்களா? மொகமில்லாத உருவம். தவக்காலத்துல இதை வூட்டுல வெச்சிருக்கறது நல்லதில்லீங்க."

எங்கள் ஊரில் தமிழும் கொஞ்சம் தெலுங்கும்தான். அதற்கு மேல் ஒரு பாஷை இருக்கலாம் என்று அந்தப் பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமாவைக் கூப்பிட்டு, "இது என்ன பாஷைப்பா, யாரு பேசினது?" என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். இப்போது யோசித்தால் அதுதான் ஆற மாட்டேன் என்கிறது.

அம்மாதான் புத்தகத்தை எரித்தாள். மாமா குளிக்கப் போயிருந்த நேரம். வெந்நீர் அடுப்பில் தீ நன்றாகப் பிடித்திருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். தடித்த புத்தகம் லேசில் எரியாது. ஓரம் கருகி, தாள் தாளாகச் சுருண்டு விரிந்தது. அம்மா முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, விறகால் அதை உள்ளே தள்ளியபடி அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

மாமா வந்து பெட்டிக்குள் தேடினார். அடுப்பைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நாங்கள் பயந்தோம். "எரிஞ்சிருச்சாக்கா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கதை இருக்காது என்று அவர்களுக்கும் தெரியும். மாமா வந்தார். குத்துக்கல்லில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தார். வலது கையால் இல்லாத தாளை எடுத்து, இடது பக்கம் புரட்டிப் போட்டார். குனிந்து படிக்க ஆரம்பித்தார்.

"முன்னவன் நடக்கறான். பின்னவன் வர்றான்."

பெரியம்மா எழுந்து நின்றாள். இரண்டு மூன்று பேர் சிலுவை போட்டுக்கொண்டு தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல், புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். தாள் புரளும்போது அவர் கண்கள் வரி வரியாக ஓடின. கதை முன்பைவிடத் தெளிவாக வந்தது. இங்கிலீஷைத் தடவித் தடவித் தமிழாக்குகிறார் என்று நாங்கள் நினைத்திருந்த தயக்கம் இப்போது இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா முடிவு செய்துவிட்டார். தெற்கே ஒரு கோயில் இருக்கிறது, புத்தி பேதலித்தவர்களையும் பேய் பிடித்தவர்களையும் காலில் சங்கிலி போட்டு மண்டபத்தில் கட்டி வைப்பார்கள், குணமானால்தான் அவிழ்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்கு வேன் பேசியாகிவிட்டது. அம்மா அழுதாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமாவிடம் திருவிழாவுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கு இடையில் வந்த சனிக்கிழமைதான் ஒரு வெளியூர் அம்மா வந்தது.

பகல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். ஒடிசலான உடம்பு. மங்கிய பச்சைச் சேலை, கையில் மஞ்சள் பை. களத்துக்குள் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்து யாரோ ஒரு கூறு புளியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அந்த அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் உடைக்க ஆரம்பித்துவிட்டது. நான் எதிரில் உட்கார்ந்திருந்ததால் கவனித்தேன்: கை புளியில் இருந்தது, கண் மாமாவிடமே இருந்தது.

மாமா இல்லாத புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். முன்னவன் நடந்தான். பின்னவன் வந்தான். குரல் தடித்தது. கைகள் பின்னால் போயின.

"அவ்வெம்மகித்கண்டோய்து. அவ்வெம்மகித்கண்டோய்து."

"அவ்வா, எம்மெ கித்கண்டு ஓய்து" என்று யாரோ சொன்னார்கள்.

அதே சொல். ஆனால் கடித்துத் துப்பாமல், பிரித்து, சாதாரணமாக, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவது போல. எல்லாரும் திரும்பினோம். அந்த அம்மா எழுந்து நின்றிருந்தது. மடியிலிருந்து புளி ஓடுகள் உதிர்ந்தன.

"அம்மா, எருமை புடுங்கிக்கிட்டுப் போயிருச்சு. அதத்தான் சொல்றீங்க தம்பி. இது எங்க கன்னடமுங்க."

மாமா எழுந்தார்.

"நான் நல்லம்பள்ளிக்கு அந்தாண்ட இருந்து வர்றேன்" என்றது அந்த அம்மா. "எம்பையன் உங்ககூடத்தான் இருந்தான். நீங்கதான் அவனத் தூக்கிக்கிட்டு வந்தீங்கன்னு லீவுல வந்த இன்னொரு பையன் சொன்னான். மூஞ்சியப் பாத்துட்டு அப்பறம் பேசலாமுன்னு குந்திட்டேன்."

மாமா நின்றபடியே சொன்னார். எங்களை யாரையும் பார்க்கவில்லை, அந்த அம்மாவை மட்டும் பார்த்துச் சொன்னார். அத்தனை நாள் கதை சொன்ன குரல் இல்லை அது. தேம்பித் தேம்பி, பாதிப் பாதியாக வந்தது.

"பனந்தோப்புலங்கம்மா. மத்தியானம். ரெண்டு பேரும்தான் போனோம், நான் முன்னால, அவன் பின்னால. ஒரே ஒரு சத்தம். திரும்பினா விழுந்து கெடக்கறான். முதுகுல போட்டுக்கிட்டு நடந்தேன். வழி பூரா பேசிக்கிட்டே வந்தான். மொதல்ல தமிழ்ல. தண்ணி கேட்டான், சண்டை எப்ப முடியுமுன்னு கேட்டான், நானும் பதில் சொன்னேன். அப்பறம் உங்கூட்டுப் பாஷையில, இது ஒண்ணையே. என் காதுக்கிட்ட. மூச்சு சுடுதும்மா. முகாமுல கொண்டாந்து எறக்குனேன். டாக்டர் பாத்துட்டு, குண்டு பட்டப்பவே உசுரு போயிருச்சு, இவன் ஒரு வார்த்தையும் பேசியிருக்க முடியாதுங்கறாரு. நான் கேட்டனே சாருன்னேன். எனக்கு ஊசி போட்டுட்டாங்க."

புறங்கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாதுங்க. உங்ககிட்டதான் சொல்லணும்னு மட்டும் தெரிஞ்சுது. வர்றதுக்குத் தைரியம் வரல. மறந்துட்டா அவனை அங்கயே போட்டுட்டு வந்த மாதிரி ஆயிடுமே. அதான் தெனமும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அந்த அம்மா அழவில்லை. முந்தானையால் விரல்களைத் துடைத்தது. "அன்னிக்கு எங்கூட்டு எருமை மொளக்குச்சியப் புடுங்கிக்கிட்டுக் கொள்ளுக்காட்டுக்குள்ள ஓடிருச்சு. நான் உள்ள அடுப்புக்கிட்ட இருந்தேன். வாசல்ல இருந்து எம்பையன் கொரலு. 'அவ்வா, எம்மெ கித்கண்டு ஓய்து'ன்னு. லீவுல வந்துட்டான் போலன்னு கரண்டியோட ஓடியாந்தேன். வாசல்ல யாருமில்ல. எருமைதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. தந்தி அப்பறந்தான் வந்துச்சு. நாளப் பாத்தா அதே நாளு. யாருகிட்டயும் சொல்லல. மகன் போனதுல புத்தி கெட்டுப்போச்சும்பாங்க."

இதைச் சொல்லிவிட்டு மாமாவின் பின்பக்கமாகப் போய், உள்ளங்கையை விரித்து அவர் முதுகின் மேல் வைத்தது. மாமாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. யாரையும் தொட விடாத முதுகு. ஆனால் விலகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் மரத்தைத் தாண்டி எங்கள் மேல் வந்துவிட்டது. ஒருவரும் நிழலுக்கு நகர்ந்து உட்காரவில்லை.

கையை எடுத்த பிறகு அந்த அம்மா கேட்டது, "அவன் சாமானுன்னு ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா தம்பி? பெட்டி வந்துச்சு, துணிமணிதான் இருந்துச்சு. எப்பவும் பொஸ்தவமும் கையுமா இருப்பான்."

மாமா எங்கள் அம்மா பக்கம் பார்க்கவே இல்லை. "ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார்.

எங்கள் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "இருந்துச்சுங்க. நாந்தான் அடுப்புல போட்டுட்டேன். பேயின்னு நெனச்சிட்டேங்க."

அந்தப் புத்தகம் அந்தப் பையனுடையது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் காவல் நேரத்தில் படித்துப் படித்து, மாமாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்.

அந்த அம்மா எங்கள் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. முகம் கல் மாதிரி இருந்தது. அடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். "எனக்கு என்னா படிக்கத் தெரியுமா" என்றது கடைசியில். "வூட்டுல வெச்சிருந்தா எலி தின்னுருக்கும்." அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மஞ்சள் பைக்குள் எதையோ தேடியது. ஒன்றும் எடுக்கவில்லை.

பெரியம்மாவால் அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தக் கதை என்னாதான் ஆச்சு? வெளக்கு ஏத்துனாங்களா, இல்லையா?"

"தெரியாதுக்கா" என்றார் மாமா. "அவன் அது வரைக்கும்தான் சொல்லியிருந்தான். எனக்கு அந்த இங்கிலீசு படிக்க வராது."

"ரெண்டும் செத்துத்தான் போயிருக்கும்."

"இல்லீங்க" என்றது அந்த அம்மா. "நடந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

அம்மா அந்த அம்மாவை வீட்டுக்குள் அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். அப்பாவுக்கு ஆள் விட்டு வரச்சொன்னாள். அப்பா வந்து கேட்டுவிட்டு, திகைத்துப்போய் வெளியே நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வேன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். உபதேசியார் சாயங்காலம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கோயிலுக்குப் போனார். அடுத்த ஞாயிறு மன்றாட்டில், பெயர் சொல்லாமல், தூரத்தில் இறந்த ஒரு இந்துப் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொள்வோம் என்று சொன்னதை நான் கேட்டேன்.

மாமா அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. நாங்கள் கெஞ்சினோம். "ஞாபகம் இல்ல" என்றார். தர்மபுரியில் ஒரு பேங்கில் காவலுக்குச் சேர்ந்தார், தாமதமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டார், இரண்டு பெண் பிள்ளைகள். எல்லாரையும் போல வாழ்ந்து, எல்லாரையும் போல சர்க்கரை வியாதியில் போனார். என் மகள் இந்த மாதிரி நிலைமைக்கு இப்போது டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருப்பதாகச் சொல்கிறாள். இருக்கட்டும். எருமைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். திரும்பவும் கைபேசிக்குள் குனிந்துகொண்டாள்.

அந்தச் சனிக்கிழமையின் மிச்சத்தை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சோறு சாப்பிட்ட பிறகு அந்த அம்மாவை பஸ் ஏற்றிவிட மாமாவும் அம்மாவும் போனார்கள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டாள். வெயில் தணியாத சாயங்காலம். ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். பஸ் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து வந்து நின்றது. அந்த அம்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே குனிந்து மாமாவிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னது. நீளமாக, கேள்வி கேட்பது போல. பழக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கிறது.

மாமா பதில் சொன்னார். கன்னடத்தில்.

ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை. சளசளவென்று, கொஞ்சம் அலுத்துக்கொண்டு, வீட்டில் அம்மாவிடம் பேசுகிற பிள்ளையின் குரலில். மாமாவின் குரலே அப்படி இருக்காது, மாமாவுடையது கட்டைக்குரல். ஜன்னலில் அந்த அம்மாவின் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சிரித்தது. அன்று முழுவதும் சிரிக்காத முகம் அப்படிச் சிரித்தது. தலையை ஆட்டி, சரி சரி என்பது போலக் கையைக் காட்டியது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

புழுதி அடங்குகிறவரை நாங்கள் அசையவில்லை.

"தம்பி" என்றாள் அம்மா. "அந்தம்மாகிட்ட என்னடா சொன்ன?"

மாமா திரும்பினார். முகம் தெளிவாக இருந்தது. வந்த நாளிலிருந்து அவ்வளவு தெளிவாக நான் அவரைப் பார்த்ததில்லை.

"நானா? அவங்க என்னமோ கேட்டாங்க, எனக்கு எங்க புரியுது. நான் ஒண்ணும் பேசலியேக்கா."

அம்மா என் கையைப் பிடித்தாள். வீடு வருகிறவரை விடவே இல்லை.